படிக்காமல் வைத்த விரல்

என் மகள் இறந்த செய்தியைச் சொல்ல வேண்டிய வீடுகளுக்கெல்லாம் ஆள் விட்டுச் சொன்னேன். தெல்தெனியவுக்கு மேலே நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குத் தம்பி மகன் போனான். பிலிமத்தலாவையில் இருக்கிற தன் சம்பந்தி வீட்டுக்குத் தம்பியே போனான். ஒரு கூட்டத்துக்கு மட்டும் சொல்லவில்லை. பதினொரு வருஷமாக அவள் காலையும் மாலையும் அந்தக் கூட்டத்தோடுதான் இருந்தாள். அங்கே சொல்லாமல் விட்டதால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதுவதும் மெதுவாகத்தான். இங்கிலீஷ் தெரியாது. தெரியாது என்று யாரிடமும் வாய் விட்டுச் சொன்னதும் இல்லை.

கூட்டம் என்றால் ஓரிடத்தில் கூடுகிற கூட்டம் இல்லை. கணினியிடம் வேலை சொல்வதற்கென்று தனிப் பாஷைகள் இருக்கின்றனவாம். அதில் ஒரு பாஷையை யாருக்கும் சொந்தமில்லாமல், எல்லா நாட்டு ஆட்களும் சேர்ந்து எழுதி, திருத்தி, வளர்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துக்கொள்ள இலாபம் பார்க்காத சங்கம் ஒன்று. அதற்குத் தலைவர், சபை, சட்டதிட்டம், தேர்தல், மாதம் ஒரு செய்தி மடல் எல்லாம் உண்டு. "நம்ம மரண உதவிச் சங்கம் மாதிரித்தாம்மா. என்ன, இவங்க சண்டைய எழுதி வச்சுப் போடுவாங்க, நம்ம ஆளுங்க வாயால போடுவாங்க" என்று மகள் எனக்கு விளங்கப்படுத்தினாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பகலில் அவளுக்குக் கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கிட்ட நாங்கள் இருந்த வீட்டுக்கு அவள் வந்து சேர ஆறு மணியாகும். முகம் கழுவி, சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, நேரே கணினி மேசைக்குத்தான். சம்பளமில்லாத வேலை. கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் "எனக்கு ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்கும்மா, எல்லாரும் இங்கிலீஷ்ல சண்டை புடிக்கிறாங்க" என்று சிரிப்பாள்.

அவள் செய்தது இதுதான். நாம் எழுதிக் கொடுத்தது கணினிக்கு விளங்காவிட்டால், என்ன தப்பு என்று அது ஒரு வசனம் சொல்லுமாம். அந்த வசனம் இங்கிலீஷில் வரும். படிக்க உட்கார்ந்த தோட்டத்துப் பிள்ளை அதைப் பார்த்துப் பயந்து எழுந்து போய்விடும். ஒரு காலத்தில் மகளும் அப்படி எழுந்து வந்தவள்தான். அந்த வசனங்களை எல்லாம் தமிழில் ஆக்குகிற சின்னக் குழுவுக்கு இவள் பொறுப்பு. குழுவில் மொத்தம் மூன்று பேர்.

வசனம் சரியாக இருக்கிறதா என்று என்னிடம்தான் கேட்பாள். நான் கதிரையில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருப்பேன்.

"ம்மா, இதக் கேளு. 'அடையாளங்காட்டி வரையறுக்கப்படவில்லை.' வெளங்குதா?"

"எந்தக் கவர்மெண்டுக் கச்சேரிலருந்து வந்த கடுதாசி அது?"

"அய்யோ. சரி, இப்படி வச்சுக்க. நான் ஒரு பேரச் சொல்லிக் கூப்புடுறேன். அது யாருன்னு முன்னாடி நான் சொல்லவே இல்ல. அப்ப அது என்ன சொல்லும்?"

"லயத்து வீட்டுக்குப் புதுசா வந்த மருமககிட்ட, தெரியாத ஒருத்தரு பேரச் சொல்லிக் கூட்டிட்டு வான்னா என்ன சொல்லுவா? 'இந்தப் பேர இன்னும் யாரும் எனக்குச் சொல்லலீங்களே'ம்பா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுதினாள். *இந்தப் பெயரை இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.* அந்த வசனம் அப்படியே உள்ளே போனது. தமிழில் அந்தப் பாஷையைப் படிக்கிற பிள்ளை உலகத்தில் எந்த மூலையில் அந்தத் தப்பைச் செய்தாலும் நான் சொன்னதுதான் வரும் என்றாள். எனக்கு இருந்த பெருமையை மறைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு உம்மாவிடம் சொன்னேன். அவர் என் வயசுக்காரி, வாய் நீளம். "அப்ப தப்புச் செஞ்சாத்தான் ஒங்கட பேச்சக் கேக்க ஏலுமா? ஒங்கட வீட்டுலயும் அப்பிடித்தானே!" என்றார்.

சங்கத்தில் மொழிகளைப் பார்த்துக்கொள்ள ஒன்பது பேர் கொண்ட சபை இருந்தது. மகளும் அதற்குத் தேர்தலில் நின்று வந்தவள். அவளுடைய கடைசி வருஷம் முழுக்க அந்தச் சபையில் ஒரு பிரச்சினை ஓடியது. சின்ன மொழிகளுக்கு இருக்கிற தனித்தனிக் குழுக்களைக் கலைத்துவிட்டு, மெஷினை வைத்தே மொழிபெயர்த்துவிடலாம் என்று ஒரு திட்டம். காலையில் கூட்டம் முடிந்து எழுந்து வரும்போது அவள் முகம் சிவந்திருக்கும். "கச்சேரிக் கடுதாசி திரும்ப வரப்போவுதும்மா" என்பாள். "விடாத" என்பேன் நான். "நான் எங்க விடுறது? வாக்குக்கு வந்தா வேணாம்னுதான் போடுவேன்." ஆகவே, அந்தத் திட்டம் என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று முழுசாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

பிறகு அவளுக்கு நோய் வந்தது. இரத்தத்தில் வருகிற புற்று. கண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து நான் எத்தனை நாள் இருந்தேன் என்று எண்ணவில்லை. போனை அவளால் பிடித்திருக்க முடியாமல் போனதும், என் பெருவிரலையும் அதில் பதித்து, திறக்கிற மாதிரி செய்து தந்தாள். கூட்டத்திலிருந்து செய்தி வந்தால் நான் பிடித்துக் காட்டுவேன். அவள் வாசித்து, எனக்கும் என்னவென்று சொல்லுவாள். "இந்தப் பெருவெரல் படத்தத் தட்டிரும்மா. நான் பாத்துட்டேன்னு அவங்களுக்குத் தெரியட்டும்." நான் தட்டுவேன். அவர்களிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். என்ன நோய் என்று சொல்லவில்லை. இரக்கப்பட்டு வேலையைப் பிடுங்கிக்கொள்வார்களாம்.

அந்தப் பெருவிரல் படத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

இந்தியாவுக்குப் போகிறவர்கள், இங்கேயே இருக்கிறவர்கள் என்று எங்கள் ஆட்களைப் பிரித்து எழுதின காலம் அது. எங்கள் வீட்டுக்கும் கடுதாசி வந்தது. அப்பா வாசிக்கத் தெரியாதவர். வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்கவும் கூச்சப்பட்டவர். பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு வந்தார். அந்தக் கடுதாசியில் அக்காவும் அத்தானும் இந்தியாவுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அக்கா தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். நான் அவளை மறுபடி பார்க்கவில்லை. சாகும் வரைக்கும் அப்பா "அவன் ஏமாத்திட்டான், அவன் ஏமாத்திட்டான்" என்றே சொன்னார். தான் வாசித்துச் சொல்லக் கேட்கவில்லை என்பதை மட்டும் அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. விரல் வைத்ததை என்னால் மன்னிக்க முடிந்தது. இதை முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ராத்திரி பகல் பாராமல் என் பெயரை எழுதிப் பழகினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பென்ஷன் வாங்கின நாள் வரைக்கும் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துத்தான் போட்டேன். கைநாட்டு வைத்ததில்லை.

மகள் ஒரு காலை நேரத்தில் போய்விட்டாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. சாவை நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். சொல்லப் போகிறவர் வாசலில் நிற்பார். உள்ளே போகமாட்டார், உட்காரமாட்டார், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். போனில் சொன்னால் மதிப்பில்லை. அப்படிச் சொன்னதற்காகவே சாவுக்கு வராமல் இருந்த சொந்தக்காரர்கள் எங்களுக்குள் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கூட்டத்துக்கு நான் எப்படிப் போவேன்? அதனால் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. இங்கே எல்லாரும் அவளைப் பற்றி 'இருந்தா', 'செஞ்சா' என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். போனில் மட்டும்தான் அவளை இன்னும் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. போனுக்குத் தினமும் மின்சாரம் ஏற்றி வைத்தேன். மணி அடிக்கும். பெருவிரலை வைத்துத் திறப்பேன். எறும்பு வரிசை மாதிரி இங்கிலீஷ் எழுத்து. கீழே அந்தப் பெருவிரல் படம். தட்டுவேன். பார்த்துவிட்டேன் என்று தெரியட்டும்.

உம்மா ஒரு நாள் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அந்த போன இங்க தாங்கோ, எங்கட மருமக வாசிச்சுச் செல்லுவா. என்னமாச்சும் அவசரமா ஈக்கும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா நல்லது. மவுத்தான புள்ளைட போன். அதுதான் செல்லுறன்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். மருமகளுக்கு முன்னால் எழுத்துத் தெரியாதவளாக நிற்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். அப்பாவுக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் இருந்திருக்கும்.

நாற்பது நாள் ஆகும்போது ஒரு மத்தியானம் போன் அடித்தது. இது செய்தி மணி இல்லை, அழைப்பு. எடுத்தேன். நான் பேச முந்தியே ஒரு பெண் குரல் கொட்டியது. யாழ்ப்பாணப் பேச்சு.

"அக்கா, என்ன செய்து போட்டீங்கள்? பத்து நாளா ஒரு சொல்லும் கதைக்கேல்ல. கடைசி நாளில போய்ப் பெருவிரலத் தூக்கிப் போட்டீங்கள்! அஞ்சுக்கு நாலு. உங்கட விரலாலதான் எங்கட குழு போச்சு. ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாமே அக்கா? அங்கால எல்லாரும் என்னைக் கேக்கினம், நான் என்னத்தச் சொல்ல?"

மகளின் குழுவில் இருந்த மூன்று பேரில் ஒருத்தி இந்தப் பிள்ளை. இவளைப் பற்றி மகள் பேசக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. 

"அம்மா பேசுறேன்" என்றேன். "அவ இல்லம்மா."

"வெளிய போயிட்டாவோ? எப்ப வருவா?"

"அவ போயி நாப்பது நாளாச்சு."

 "அப்ப விரல்?" என்று கேட்டது குரல். அழவும் இல்லை அது. "அப்ப அந்த விரல் ஆருடையது அம்மா?"

நான் வாய் திறக்க முந்தியே, "நாளைக்கு வாறன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் சொன்னபடி வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். நாற்பது வயது இருக்கும், மெலிந்த பெண். அவளை வாசலில் நிறுத்தினேன். போனில் சொன்னது கணக்கில் சேராது. "என் மக செத்துப் போச்சும்மா" என்று முறையாகச் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் எனக்குப் பிட்டுப் பிட்டுச் சொன்னாள். குழுக்களைக் கலைக்கிற திட்டத்தைச் சபை வாக்குக்கு விட்டிருக்கிறது. வாக்கு என்றால் தனிச் சீட்டு இல்லை. திட்டத்தை எழுதிச் சபையின் செய்திப் பக்கத்தில் போடுவார்கள். வேண்டும் என்றால் மேலே நீட்டின பெருவிரலைத் தட்ட வேண்டும், வேண்டாம் என்றால் கீழே காட்டின பெருவிரல். நாலு பேர் வேண்டும் என்றார்கள், நாலு பேர் வேண்டாம் என்றார்கள். ஒன்பதாவது ஆள் என் மகள். கடைசி நாளில் எல்லாருக்கும் நினைவுபடுத்தி ஒரு செய்தி வந்திருக்கிறது. அதைத்தான் நான் தட்டியிருக்கிறேன்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்று இருந்தது. பிளக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

"அம்மா, ஆட்சேபணை சொல்ல இன்னும் நாலு நாள் இருக்கு" என்றாள். "ஒண்டு செய்வம். அக்கா எழுதின மாதிரி நானே எழுதுறன். கை தவறிப் போச்சு, நான் போட நினைச்சது வேண்டாம் எண்டுதான் எண்டு. வாக்கு மாறும், திட்டம் விழும். ரெண்டு கிழமை கழிச்சு அவா செத்ததச் சொல்லுவம். ஆருக்கும் நட்டமில்ல."

 அவள் இன்னும் கிட்ட வந்தாள். "சொன்னா அக்காட பேரும் கெடும் அம்மா. சபையில இருக்கிற ஆள் தன்ர கணக்கத் திறக்கிற திறப்ப இன்னொராளிட்டக் குடுக்கக் கூடாது எண்டு சட்டம். செய்தி மடலில பேரோட போடுவினம். உலகம் முழுக்க வாசிக்கும்."

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வசனம் எழுதினால் என் மகள் பிழைத்தபடி, அவள் வேலையும் பிழைத்தபடி. தோட்டத்தில் கேள்விப்பட்ட ஒரு விஷயம் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. காணிக்காக, செத்துக் கிடந்த ஆளின் விரலை மையில் தொட்டுக் காணி உறுதிப் பத்திரத்தில் வைத்த சொந்தக்காரர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவார்கள். அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது எச்சில் துப்பிவிட்டுப் போவார்கள்.

"செத்தவ கையப் புடிச்சு வெரல் வைக்கச் சொல்றியாம்மா?" என்று கேட்டேன். "தெரியாம ஒருக்கா வச்சுட்டேன். தெரிஞ்சு ரெண்டாவது தடவ வைக்கணுமா?"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நீ கூட இரு. எனக்கு அந்த ஆளுங்க மொகத்தக் காட்டு. நான் சொல்றேன். எழவு சொல்ல வர்றவ பொய்யும் சேத்துச் சொல்ல மாட்டா."

இரண்டு நாள் கழித்து, விடிந்து ஆறு மணிக்கு, சபை கூடியது. நான் தலை குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை உடுத்தி, மகளின் கணினிக்கு முன்னால் எழுந்து நின்றேன்.

"இருந்து கதையுங்கோ அம்மா."

"ஒக்காந்து சொல்றதுக்கு இது கத இல்ல."

"நீங்கள் நிண்டா அவையளுக்கு முகம் தெரியாது. வயிறுதான் தெரியும்."

அலுமாரிக்கு மேலே இருந்த இரண்டு பிஸ்கட் டின்னை எடுத்துக் கீழே வைத்துக் கணினியை உயர்த்தினாள். கணினித் திரைக்குள் சின்னச் சின்னச் சதுரமாக முகங்கள். வெள்ளைக்காரர், கறுப்பர், முக்காடு போட்ட ஒரு பெண், தாடி நரைத்த ஒருத்தர். சில பேருக்குப் பின்னால் வெளிச்சம், சில பேருக்குப் பின்னால் இருட்டு. இவர்களோடுதான் என் மகள் பதினொரு வருஷம் சண்டை போட்டாள். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. வீடு வீடாகப் போவதற்குப் பதிலாக எட்டு வீடும் என் வாசலுக்கு வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"ஐயாமாருங்களா, அம்மாமாருங்களா" என்று தொடங்கினேன். "ஒங்க சபையில இருந்த புள்ள என் மக. அவ செத்துப் போச்சு. நாப்பத்தி மூணு நாளாச்சு. மொறப்படி அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். சொல்லாதது என் குத்தம். அந்தத் திட்டத்துக்குப் பெருவெரல் வச்சது அவ இல்ல, நான். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வாசிச்சுச் சொல்லுங்கன்னு நான் யாருகிட்டயும் கேக்கல. அவ சாகுற வரைக்கும் வேணாம்னுதான் சொன்னா. அவ்வளவுதான்."

யாழ்ப்பாணத்துப் பிள்ளை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்து, 'செத்துப் போச்சு' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அந்த ஒரு சொல்லை அவள் வாயால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் விளங்கிவிட்டது. நரைத்த தாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முக்காடு போட்ட பெண் கையை விரித்து அவர்கள் முறைப்படி ஏதோ ஓதினாள். ஒருத்தர் ஒன்று கேட்டார். கடைசி வரைக்கும் வேலை செய்தாளா என்று கேட்கிறார் என்றாள் இந்தப் பிள்ளை.

"சோறு எறங்காத நாள்லயும் ரெண்டு வசனம் திருத்துனா" என்றேன்.

அந்த வாக்குச் செல்லாது என்று தலைவர் அம்மா சொன்னார். மகளின் இடம் காலி. மிச்சம் எட்டுப் பேரும் இரண்டு கிழமையில் மறுபடி வாக்குப் போட வேண்டும். பாதிக்கு மேல் வேண்டும் என்றால்தான் திட்டம் நிறைவேறும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை என் கையைப் பிடித்து அமத்தினாள். "நாலுக்கு நாலு அம்மா. சமமா வந்தா விழுந்திடும். ஒருத்தரும் மாறமாட்டினம்." முகங்கள் அணைந்ததும்தான் நான் தண்ணீர் குடித்தேன்.

அந்த இரண்டு கிழமையும் நான் மனசு கொஞ்சம் இலேசாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உம்மாவிடம்கூடச் சொன்னேன், எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று. "இத்தின வருஷமா எங்களுக்குத் தெரியும். செல்லாம இருந்தது மரியாதைக்கு" என்றார். அன்றைக்கு அவர் கொண்டு வந்த கஞ்சியை இரண்டு பேரும் ஒன்றாகக் குடித்தோம்.

வாக்கு முடிந்த அன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை எடுத்தாள். ஹலோ என்ற குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அஞ்சுக்கு மூண்டு அம்மா. போச்சு."

"யாரு மாறுனது?"

"அண்டைக்குக் கண்ணாடியக் கழட்டினவர். தாடிக்காரர். ஏன் எண்டு எழுதியும் இருக்கிறார். வாசிக்கவோ?"

"வாசி."

"'நான் இவ்வளவு காலமும் வேண்டாம் என்று சொன்னது அவருக்காகத்தான். அந்த வேலையைச் சுமந்தவர் அவர். இப்போது அவர் இல்லை. அவர் இல்லாத குழுவை யாருக்காகத் திறந்து வைப்பது?'"

அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்த ஆள். ஆனால் நெஞ்சில் ஏதோ ஒன்று உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. முதல் தடவை என் விரல் அந்தக் கதவைச் சாத்தியது. இரண்டாம் தடவை என் வாய் சாத்தியது. அந்தப் பிள்ளை சொன்னபடி பொய்யாக ஒரு வரி எழுதவிட்டிருந்தால், குழு இன்றைக்கு இருக்கும். அது எனக்குத் தெரியும். திரும்பவும் கேட்டாலும் எழுதவிடமாட்டேன். அதுவும் தெரியும். இரண்டும் தெரிந்துகொண்டு மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்க வேண்டியிருக்கிறது.

செய்தி மடல் வந்ததும் அந்தப் பிள்ளை அதைத் தமிழில், பெரிய எழுத்தில், காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பினாள். இங்கிலீஷில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும், எதையும் குறைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். சின்ன மொழிக் குழுக்கள் கலைக்கப்படுகின்றன என்று ஒரு வரி. சபை உறுப்பினர் ஒருவரின் கணக்குத் திறப்பு அவர் இறந்த பிறகு வேறொருவர் கையில் இருந்ததால் முதல் வாக்கு நீக்கப்பட்டது, விதி மீறப்பட்டது என்று ஒரு வரி. அதில் என் மகள் பெயர். அதற்குக் கீழே, அவர் தாயார் தாமே முன்வந்து இதைச் சொன்னார் என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், அவள் பதினொரு வருஷம் செய்த வேலைக்கு நன்றி என்று ஒரு வரி. வரிசையை மாற்றிப் போட்டிருக்கலாம். போடவில்லை. சங்கம் என்றால் அப்படித்தான். காகிதத்தை மடித்து அலுமாரியில் அவள் சேலைக்கு நடுவில் வைத்தேன்.

போனை நிறுத்திவிட்டேன். கணினி இருக்கிறது. பழையதை யாரும் அழிக்கமாட்டார்களாம். புதிதாக வருகிற பதிப்பில்தான் நம் வசனங்கள் இருக்காது. மகளின் கணினியில் இருப்பது பழையது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை போகிறதற்கு முதல் நாள், எதைத் திறப்பது, எங்கே எழுதுவது, எதைத் தட்டுவது என்று எனக்குக் காட்டித் தந்திருந்தாள். சில நாள் பின்னேரம் அதன் முன்னால் உட்காருகிறேன். எழுத்து எழுத்தாகத் தேடி மகளின் பெயரை எழுதுகிறேன். ஒரு எழுத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகும். அவசரமில்லை. எழுதித் தட்டினால், சிவப்பு எழுத்தில் வருகிறது.

இந்தப் பெயரை இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சொன்னேனே, நின்றுகொண்டே சொன்னேனே என்று அதனிடம் வாய் விட்டே சொல்லியிருக்கிறேன்.

நடுவில் சில நாள் ஓரத்தில் ஒரு பெட்டி எழும்பும். இங்கிலீஷில் ஏதோ கேட்கும். கீழே நீலமாக ஒரு பொத்தான், தட்டு தட்டு என்று மினுங்கும். உம்மாவின் மருமகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "புதுசு வந்திருக்காம் மாமி, மாத்தவான்னு கேக்குது" என்றாள். எதற்கும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். வேண்டாம் என்பதற்கு எந்தப் பொத்தான் என்று கேட்டேன். வேண்டாம் என்று ஒன்று இல்லையாம், பிறகு என்றுதான் இருக்கிறதாம்.

அதைத் தட்டினேன். நாளைக்கும் கேட்கும்.